பேட்ச்: 'இணைப்பு' வேண்டாம், 'ஒட்டு' போதும்

பழைய வீடியோ கேம்களுக்கு ரசிகர்கள் செய்து தரும் பேட்ச்களை, அதாவது கேமில் மாற்றம் செய்யும் சிறு கோப்புகளைப் பற்றித் தமிழில் எதைப் படிக்க உட்கார்ந்தாலும் 'இணைப்பு' என்ற சொல் வந்து முட்டுகிறது. 'மேம்பாட்டு இணைப்பு', 'மொழிபெயர்ப்பு இணைப்பு' என்று தொடங்கி, கைபேசிகளைப் பற்றிய செய்தியில் 'பாதுகாப்பு இணைப்பு' வரைக்கும் இதே கதைதான். இனியும் பொறுக்க முடியாது. இது பிழையான சொல். ஏன் பிழை, அதன் இடத்தில் எது வர வேண்டும் என்பதை எழுதிவிடுகிறேன்.

சொல்லின் வரலாறு நீளமானதல்ல. கிழிசலை மூடும் துணித்துண்டுக்கு ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக வழங்கும் பெயர் பேட்ச். கணினிக்கு அது உவமையாக வரவில்லை, பொருளாகவே வந்தது. தொடக்ககாலக் கணினிகளுக்கு நிரலைத் துளையிட்ட காகித நாடாவிலும் அட்டையிலும் கொடுத்தார்கள். தப்பான இடத்தில் துளை விழுந்தால் அதன்மேல் ஒரு துண்டை ஒட்டி அடைத்தார்கள். ஹார்வர்டு மார்க் 1 கணினியின் 1944ஆம் ஆண்டு நிரல் நாடா ஒன்று, அப்படி ஒட்டிய துண்டுகளோடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1985இல் லாரி வால் என்ற நிரலாளர் 'பேட்ச்' என்ற பெயரிலேயே ஒரு நிரல் எழுதினார். பழைய கோப்பு, வேறுபாடுகளின் பட்டியல் இரண்டையும் கொடுத்தால் அது புதிய கோப்பைத் தரும். காகிதம் போனது, பெயர் நின்றது.

இனி கேம் விஷயத்துக்கு வருகிறேன். டிவியோடு சேர்த்து ஆடும் கேம் கருவியான கன்சோலின் கேசட்டில் இருக்கும் தரவு முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்தால் அதற்கு ரோம் என்று பெயர். (காட்ரிட்ஜ் என்று கடைக்காரர்கூடச் சொன்னதில்லை, தமிழ்நாட்டில் அது கேசட்தான்.) ரசிகர்கள் கேமில் ஏதாவது மாற்றினால் மாற்றிய ரோமைப் பெரும்பாலும் அப்படியே பரப்புவதில்லை. கேமின் உரிமை நிறுவனத்துக்கு உரியது. அதனால் மாறிய பைட்டுகளை (தரவின் சிறு அலகுகளை) மட்டும் தனிக் கோப்பாக எடுத்துத் தருகிறார்கள். அந்தத் தனிக் கோப்புதான் பேட்ச்.

ஐபிஎஸ் என்ற பழைய பேட்ச் கோப்பு வடிவத்தை உள்ளே திறந்து பார்த்தால் இது தெளிவாகப் புரியும். முதல் ஐந்து பைட், ஆங்கிலத்தில் 'பேட்ச்' என்ற ஐந்து எழுத்து. அதன் பிறகு குறிப்புக்கு மேல் குறிப்பு: எந்த இடம் என்பதற்கு 3 பைட், எவ்வளவு நீளம் என்பதற்கு 2 பைட், அடுத்து அங்கே எழுத வேண்டிய தரவு. ஏறக்குறைய இவ்வளவுதான் கோப்பு முழுக்க. இடத்தைக் குறிக்க 3 பைட்தான் என்பதால் 16 எம்பிக்கு மேல் அதன் கை நீளாது. இந்த இடத்தில் இந்தத் துண்டை வை, அந்த இடத்தில் அந்தத் துண்டை வை என்பதைத் தவிர அதில் வேறு செய்தி இல்லை. தனியாக எடுத்தால் அதை ஆடவும் முடியாது, படிக்கவும் முடியாது.

இப்போது 'இணைப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு என்றால் இரண்டு முழுப் பொருள்கள் சேர்வது. இரண்டு ரயில் பெட்டிகளை இணைக்கலாம், இரண்டு கட்சிகளை இணைக்கலாம். இணைத்த பிறகும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பேட்ச் அப்படி நடந்துகொள்வதில்லை. அது பழைய பைட்டின் மேல் போய் உட்கார்ந்து பழையதை மறைக்கிறது. 'ரோமுடன் இணைக்கவும்' என்று படிக்கும் புதியவர் என்ன நினைப்பார்? ஒரு கோப்பின் வாலில் இன்னொரு கோப்பைச் சேர்க்க வேண்டும் என்றுதான் நினைப்பார். அவர்மேல் தப்பில்லை, தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்.

அடுத்த குற்றம் இதைவிடப் பெரியது. கணினித் தமிழில் 'இணைப்பு' ஏற்கெனவே முதுகு ஒடியச் சுமக்கிறது. லிங்க் என்றால் இணைப்பு. அட்டாச்மென்ட் என்றால் இணைப்பு. கனெக்‌ஷன் என்றால் இணைப்பு. செய்தித்தாளின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களும் இணைப்பு. இதன் தலையில் பேட்சையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: 'இணைப்பு சீராக இருந்தால் கீழுள்ள இணைப்பைச் சொடுக்கி, இணைப்பாக உள்ள இணைப்பை இறக்கிக்கொள்ளலாம்.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்து எவராலும் ஒரு வேலையும் செய்ய முடியாது. கலைச்சொல்லின் முதல் கடமை பொருளைப் பிரித்துக் காட்டுவது. பக்கத்துப் பொருளோடு குழம்பும் சொல்லை எவ்வளவு தூய தமிழில் ஆக்கினாலும் அது கலைச்சொல் ஆகாது.

'பழகிவிட்டதே' என்பார்கள். யாருக்குப் பழகிவிட்டது? கேம் ஆடுகிறவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள் எவரும் வாயால் 'இணைப்பு' என்று சொல்வதில்லை. 'பேட்ச் போட்டாச்சா?' என்றுதான் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பு எந்திரம் கக்கியதை எடுத்து ஒட்டுகிறவர்களிடம் மட்டும்தான் இது பழகியிருக்கிறது.

அப்படியானால் பேச்சில் இருக்கும் 'பேட்ச்' என்பதையே எழுத்திலும் வைத்துக்கொள்ளலாமே? கடன்சொல்மேல் எனக்குப் பகை இல்லை. ரோம், பைட், கேசட் என்று இந்தக் கட்டுரையிலேயே எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பேட்சுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நம் எழுத்தில் பகரத்துக்கு ஒரே வடிவம். '2004 பேட்ச் மாணவர்கள்' என்பதும் பேட்ச்தான், நிரல்மேல் போடுவதும் பேட்ச்தான். 'புதிய பேட்ச் வெளியானது' என்றால் எதைச் சொல்கிறார்கள் என்று பக்கத்துச் சொற்களைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பேச்சில் ஒலி காப்பாற்றிவிடும், எழுத்தில் அந்தத் துணை கிடையாது.

'ஒட்டு' என்ற சொல் நம்மிடம் இல்லையா? கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போட்டார்கள். தெருமுனைக் கடையில் இன்றைக்கும் பஞ்சர் ஒட்டுகிறார்கள். டியூபைத் தேய்த்து, பசை தடவி, ஓட்டையின்மேல் ரப்பர் துண்டை வைத்து அழுத்தும் அந்த வேலைதான் காகித நாடாவில் நடந்தது, ஐபிஎஸ் கோப்பிலும் நடப்பது. வினையும் கையோடு வருகிறது. 'பேட்ச் போடு' என்று சொல்லும் வாய்க்கு 'ஒட்டுப் போடு' என்பதில் ஒரு தடுமாற்றமும் இருக்காது. ஒட்டுப் போட்ட ரோம், ஒட்டுப் போடாத ரோம், ரசிகர் ஒட்டு, மொழிபெயர்ப்பு ஒட்டு, ஒட்டுக்கோப்பு என்று கிளை பிரியவும் இடம் தருகிறது. 'இணைப்பு' என்பதில் 'இணைக்கப்பட்ட ரோம்' என்று எழுதினால் எதோடு இணைக்கப்பட்டது என்ற கேள்விதான் எழும்.

'ஒட்டுப் போட்டது' என்றால் ஏழ்மையின் வாடை அடிக்கிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த வாடை ஆங்கிலச் சொல்லிலும் உண்டு, அவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லை. அதோடு தமிழில் ஒட்டு என்றாலே தாழ்வு என்பதும் இல்லை. நாற்றுப் பண்ணையில் ஒட்டு மாங்கன்று என்றால் விலை கூடுதல்.

சில பேர் 'ஒட்டுநிரல்' என்று எழுதுகிறார்கள். இணைப்பைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் நிரல் என்ற வால் வேண்டாதது. மொழிபெயர்ப்பு ஒட்டு ஒன்றில் வசனமும் எழுத்துருவும் மட்டுமே இருக்கலாம், ஒரு வரி நிரல்கூட இல்லாமல் போகலாம்.

'திருத்தம்' என்பவர்களுக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 'காசில்வேனியா 2: சைமன்ஸ் குவெஸ்ட்' என்ற சாகச விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கோனாமி நிறுவனம் 1987இல் ஜப்பானில் ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம் என்ற நின்டென்டோவின் வட்டுக் கருவிக்கு வெளியிட்டது. ஆங்கிலத்தில் 1988இல் நின்டென்டோவின் என்இஎஸ் கன்சோலுக்குக் கேசட்டாக வந்தது. ஊர் மக்கள் சொல்லும் குறிப்புகளை நம்பித்தான் அதில் வழி தேட வேண்டும். ஆங்கிலத்தில் அந்தக் குறிப்புகள் பாழாகிவிட்டன. டெபோரா முகட்டில் சிவப்புப் படிகத்தோடு ஓர் 'ஆன்மா'வுக்காகக் காத்திருக்கச் சொல்கிறது ஒரு குறிப்பு. அங்கே படிகத்தைக் கையில் வைத்து மண்டியிட்டால் வருவது சுழற்காற்று. காற்று வரும் என்று சொல்லியிருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த முகட்டின் அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள்! ரசிகர்கள் இந்த வசனங்களை மறுபடி மொழிபெயர்த்து ஒட்டு வெளியிட்டார்கள். 1986இல் வந்த முதல் செல்டா கேமின் ஆங்கிலப் பதிப்பில் தீபகற்பம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஒரு 'என்' கூடுதலாக விழுந்திருந்தது. அதையும் ரசிகர்கள் ஒட்டுப் போட்டுச் சரிசெய்தார்கள். இவை சந்தேகமில்லாமல் திருத்தம்.

ஆனால் அதே ரசிகர்கள் செய்த மற்ற வேலைகளைப் பாருங்கள். சைமன்ஸ் குவெஸ்டில் பகல் இரவாகும்போதெல்லாம் ஆட்டம் நின்று, ஒரு பெட்டி திறந்து, எழுத்து எழுத்தாக ஒரு செய்தி ஊர்ந்து வரும். இரவு பகலாகும்போதும் அப்படித்தான். பகைவன்மேல் சாட்டையை ஓங்கிய நேரத்திலும் காத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டுப் போட்டால் அந்தச் செய்தி சட்டென்று வந்து போய்விடும். இது பிழை அல்ல, உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே வைத்தது. அதை மாற்றுவது திருத்தம் ஆகுமா? இன்னொன்று: டிஸ்க் பதிப்பில் ஆட்டத்தைச் சேமித்துவைக்கலாம். கேசட் பதிப்பில் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள், தாளில் எழுதிவைத்துக்கொண்டு மறுநாள் ஒவ்வோர் எழுத்தாக ஏற்ற வேண்டும். மெட்ராய்டு என்ற கேமுக்கும் இதே கதி. சேமிப்பைத் திரும்பக் கொண்டுவந்த ஒட்டுகள் இரண்டுக்கும் உண்டு. அது மீட்பு. மெட்ராய்டில் வரைபடமே கிடையாது. அதைச் சேர்த்த ஒட்டுகளும் உண்டு. அது புதுச் சேர்க்கை. திருத்தம், மீட்பு, சேர்க்கை எல்லாம் ஒட்டின் பயன்கள். போடுகிற பொருளுக்கு ஒரு பெயர் வேண்டும், அது எந்தப் பயனுக்கும் பொருந்த வேண்டும்.

'புதுப்பிப்பு' என்பதும் இங்கே ஒத்துவராது. அப்டேட் நிறுவனத்திடமிருந்து வருவது. கோனாமி என்றோ கைகழுவிய கேசட்டுக்கு யார் புதுப்பிப்பு அனுப்புவார்கள்?

சுவடி படித்த ஒருவர் 'இடைச்செருகல்' ஆகாதா என்று கேட்கலாம். அழகான சொல்தான், ஆனால் அதில் ஒரு மறைப்பு ஒளிந்திருக்கிறது. கம்பராமாயணத்தில் பிறர் பிற்பாடு சேர்த்தவை என்று கருதப்படும் வெள்ளிப் பாடல்களை நினைத்துப் பாருங்கள். மூலத்தோடு கலந்து நின்றதால்தான் பதிப்பாசிரியர்கள் அவற்றைத் தேடிப் பிரிக்க வேண்டியிருந்தது. ரசிகர் ஒட்டு மூலத்துக்குள் ஒளிவதில்லை. தனிக் கோப்பாக, இன்னது மாறியிருக்கிறது என்ற குறிப்போடு வெளியே நிற்கிறது. வேண்டியவர் போட்டுக்கொள்ளலாம், வேண்டாதவர் மூல ரோமையே ஆடலாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள கோபம் ஒரு சொல்லோடு தீராது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்துச் சொல் வைக்கும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. ஹெடர் என்பதைத் 'தலைப்பு' என்று எழுதுவதும் இதே பழக்கத்தால்தான். சூப்பர் நின்டென்டோ கன்சோலின் ரோம்கள் சிலவற்றின் முன்னால் 512 பைட் ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத்தான் ஹெடர் என்கிறார்கள். பழைய நகலெடுக்கும் கருவிகள் சேர்த்தது அது. அது இல்லாத ரோமுக்காகச் செய்த ஐபிஎஸ் ஒட்டை, அது உள்ள ரோமின்மேல் போட்டால் எல்லாத் துண்டும் 512 பைட் தள்ளி விழும். ஐபிஎஸ் ரோமைச் சரிபார்க்காது, வாய் திறக்காமல் ஒட்டிவிட்டுப் போய்விடும். திறந்தால் திரை குப்பையாக இருக்கும். பிற்பாடு வந்த பிபிஎஸ் வடிவம் ரோமைச் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கும். இதைத் தமிழில் விளக்குகிறவர் 'தலைப்பு இல்லாத கோப்புடன் இணைக்கவும்' என்று எழுதினால், படிப்பவர் கோப்பின் பெயரை அழித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். 'முன்னால் 512 பைட் கூடுதலாக இல்லாத ரோமின்மேல் ஒட்டுப் போடவும், இருந்தால் ஒட்டு இடம் தவறி விழும்' என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும். இதற்குப் புலமை வேண்டாம், செய்து பார்த்திருந்தால் போதும்.

ஃபேன் என்பதற்கு 'ரசிகர்' இருக்க 'விசிறி' எதற்கு என்றும் கேட்டுவைக்கிறேன். பத்திரிகைகள் ஒரு காலத்தில் விளையாட்டாக எழுதிய சொல்லை விளக்கக் கட்டுரையில் கொண்டுவந்து, 'விசிறி தயாரித்த இணைப்பு' என்று போட்டால் மின்சாதனக் கடை விளம்பரம்போல இருக்கிறது. 'ரசிகர் ஒட்டு' என்று இரண்டே சொல்லில் முடிகிற காரியம்.

ரோம் ஹேக் என்பதற்கு மட்டும் இன்னும் நல்ல தமிழ் அமையவில்லை. ஒரு கேமின் எலும்பை வைத்துக்கொண்டு வரைபடம், கதை, எதிரிகள் எல்லாவற்றையும் மாற்றிப் புதிய ஆட்டமே செய்துவிடுகிறார்கள். அதுவும் ஒட்டுக்கோப்பாகத்தான் கைக்கு வருகிறது என்றாலும், அந்த ஆட்டத்தையே ஒட்டு என்று சொன்னால் பொருந்தாது. 'ஊடுருவல்' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது வங்கிக் கணக்கைத் திருடுகிறவனுக்கு வைத்த சொல், இவர்கள்மேல் அதைப் போடக் கூடாது. தகுந்த சொல் கிடைக்கும்வரை ரோம் ஹேக் என்றே எழுதிக்கொண்டிருப்போம்.