'கட்' சொன்ன பிறகும் ஓடும் கேமரா

படத்தொகுப்பு என் தொழில். 17 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதில் முதல் ஆறேழு வருடம் கைக்கு வந்ததெல்லாம் சின்ன பட்ஜெட் திகில் படங்கள், பழிவாங்கும் கதைகள், 'கவர்ச்சி' என்ற ஒரே சொல்லை நம்பி விற்கப்பட்ட படங்கள்.

திரையில் 50 நொடி ஓடும் காட்சி எங்கள் மேசைக்கு வரும்போது 40 நிமிட ரஷ்ஷாக, அதாவது வெட்டாத மூலப் பதிவாக இருக்கும். கிளாப் அடிப்பதற்கு முன்பே கேமரா ஓட ஆரம்பித்திருக்கும். 'கட்' என்ற குரல் கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஓடும். படம் பார்ப்பவர்களுக்கு நடுப்பகுதி மட்டும்தான் போய்ச் சேரும். முன்னும் பின்னும் இருப்பது எடிட்டர் கண்ணில்தான் படும். ஒரு படப்பிடிப்பில் பெண்களை எப்படி நடத்தினார்கள் என்று நான் யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. அந்த ஓரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு காட்சி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. குளியலறையில் ஒரு பெண்ணை யாரோ ஒளிந்து பார்ப்பதாகக் கதை. ஏழாவது டேக். 'கட்' என்றதும் அந்த நடிகை இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே இறுக்கிக்கொண்டு இடது பக்கம் திரும்புகிறார். அங்கே துண்டோடு ஒருவர் நின்றிருக்க வேண்டும். யாரும் இல்லை. லைட் ஸ்டாண்டை நகர்த்த ஒருவர் குறுக்கே போகிறார். மானிட்டர் பக்கத்திலிருந்து நாலைந்து ஆண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்கிறது. "துண்டு... துண்டு எங்க?" என்று அவர் மெதுவாகக் கேட்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. டைம்கோடை வைத்துக் கணக்குப் பார்த்தேன், 38 நொடி. கடைசியில் காஸ்ட்யூம் உதவியாளரான ஒரு சின்னப் பெண் ஓடிவந்து, தான் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்துகிறாள்.

மறுநாள் இயக்குநர் எடிட்டுக்கு வந்தார். அந்த 38 நொடியைப் பார்த்தவர், "இந்த முகம் நல்லா இருக்கே, நடிச்ச மாதிரியே இல்ல. இதையே வைங்க" என்றார். வைத்தேன். அந்த நடிகை கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு சுற்றும்முற்றும் பார்க்கும் இரண்டு நொடி, படத்தில் 'பயந்த பெண்ணின் ரியாக்‌ஷன்' ஆகிவிட்டது. அவருடைய பயம் நிஜம் என்று இயக்குநருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த இரண்டு நொடிதான் இதை எழுத வைக்கிறது.

சம்மதம் என்ற பேச்சு வந்தாலே எல்லோரும் படப்பிடிப்புத் தளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நடிகை எதற்குச் சரி என்றார், கடைசியில் எது படமானது என்ற இரண்டுக்கும் நடுவே எடிட் அறை இருக்கிறது. இந்த வகைப் படங்களில் பெரிய அத்துமீறல்கள் பல நடப்பது அங்கேதான். அவர் அப்போது பக்கத்தில் இருக்கவே மாட்டார்.

இது புதிய கதையும் இல்லை. கவர்ச்சியையும் பரபரப்பையும் காட்டியே காசு பார்க்கும் படத்துக்கு 'எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்' என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே 1934 முதல் தணிக்கை விதிகளைக் கடுமையாக அமல்படுத்தியபோது பெரிய ஸ்டுடியோக்கள் தொட முடியாத விஷயங்களைச் சின்னத் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். 'சுகாதாரக் கல்வி', 'இளைஞர்களுக்கு எச்சரிக்கை' என்று ஒரு போர்வையைப் போர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டார்கள். ஒரே படத்துக்கு இரண்டு பிரதிகள் வைத்திருப்பார்கள். கெடுபிடி உள்ள ஊருக்கு 'ஆறிய' பிரதி, இல்லாத ஊருக்கு 'சூடான' பிரதி. கூட்டம் ஏமாந்துபோய்க் கத்தினால் சமாதானப்படுத்துவதற்கென்றே நிர்வாணக் காட்சிகள் கொண்ட தனி ரீல் ஒன்றும் பெட்டியில் இருக்கும். படத்தின் கதைக்கும் அந்த ரீலுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. நாம் 'பிட்டு' என்கிறோமே, அதன் பாட்டன் அது.

1950-களில் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் முதலில் தலைப்பையும் போஸ்டரையும் தயார் செய்து தியேட்டர்காரர்களிடம் காட்டிவிட்டு, அப்புறம் கதை எழுதின. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போஸ்டரில் ஒரு பெண்ணின் உடல் முன்கூட்டியே விற்கப்பட்டுவிட்டது. அந்த வேடத்தில் யார் நடிக்கப்போகிறார் என்றே யாருக்கும் தெரியாது. பிறகு வரும் நடிகைக்கு அந்த வாக்குறுதியைக் காப்பாற்றும் வேலை காத்திருக்கிறது. இன்று போஸ்டர் இருந்த இடத்தில் செல்போன் திரையின் தம்ப்நெயில் வந்திருக்கிறது. "முதல் பத்து நிமிஷத்துல ஏதாவது வேணும், இல்லன்னா வாங்க மாட்டாங்க" என்று படம் முடிந்த பிறகு வந்து நிற்கும் தயாரிப்பாளர்களை நானே பார்த்திருக்கிறேன்.

அந்த 'ஏதாவது' எப்படி உள்ளே வருகிறது என்பதற்கு ஆவணப்படுத்தப்பட்ட உதாரணம் ஒன்று உண்டு. 1980-இல் வெளிவந்த 'ஹியூமனாய்ட்ஸ் ஃப்ரம் த டீப்'. சின்ன பட்ஜெட் படங்களுக்குப் பெயர்போன அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கோர்மனின் நிறுவனத்துக்காக அதை இயக்கியவர் பார்பரா பீட்டர்ஸ் என்ற பெண். அவர் முடித்துக் கொடுத்த படத்தில் நிர்வாணமும் பாலியல் வன்முறையும் போதவில்லை என்று தயாரிப்புத் தரப்பு நினைத்தது. வேறு ஆட்களை வைத்து அந்தக் காட்சிகளைத் தனியாக எடுத்துப் படத்துக்குள் செருகினார்கள். பீட்டர்ஸும் கதாநாயகி ஆன் டர்க்கெலும் தங்கள் பெயரைப் படத்திலிருந்து நீக்கச் சொன்னார்கள். நீக்கவில்லை. ஒரு பெண் இயக்கிய படம் என்ற பெயரோடுதான் அது வெளியானது. இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காட்சிகளை ஒட்டவைத்த எடிட்டிங் மேசையைத்தான் நினைத்துக்கொள்கிறேன். செருகுவது தொழில்நுட்பரீதியாக மிக எளிது. கதாநாயகி கதவைத் திறக்கும் ஷாட், அடுத்து முகம் தெரியாத வேறொரு உடல், மறுபடி கதாநாயகியின் முகம். பார்ப்பவர் மூளை மூன்றையும் ஒரே பெண்ணாகத் தானே சேர்த்துக்கொள்ளும். கதாநாயகி சம்மதிக்கவே இல்லை. முகம் காட்டாத அந்தப் பெண்ணுக்கோ, தன் உடல் எந்தப் படத்தில், யார் முகத்தோடு சேரப்போகிறது என்றே பல நேரம் சொல்லப்படுவதில்லை.

பட்ஜெட் குறைவு என்பதை நான் ஒரு காரணமாக ஏற்க மாட்டேன். ஆனால் குறைவான பணம் தளத்தில் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். கேமரா வாடகையில் பேரம் பேச ஓர் அளவு இருக்கிறது. லைட், வண்டி, சாப்பாடு எதையும் அடியோடு நிறுத்த முடியாது. உடை மாற்றும் அறை, பெண் உதவியாளர், ஒத்திகைக்கு ஒரு மணி நேரம், காட்சிக்கு முன் அமைதியாகப் பேச ஒரு நாள் ஆகியவற்றை நிறுத்தினால் மட்டும் படப்பிடிப்பு நிற்காது. அதனால் அவைதான் முதலில் போகின்றன. மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2019 கடைசியில் அரசிடம் கொடுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. படப்பிடிப்பில் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளை ஓட்டுவதாக அதில் இருக்கிறது. பெயர் பெற்ற ஒரு திரைத்துறையிலேயே இந்த நிலை. 12 நாளில் முடிக்கும் படத்தில் என்ன இருக்கும்?

ஷெட்யூல் தாளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கஷ்டமான அந்தக் காட்சி பெரும்பாலும் இரண்டாம் நாளில் இருக்கும், இல்லையென்றால் கடைசி நாளில். இரண்டாம் நாள் என்றால், நடிகை மறுக்கும்போது "நேத்து எடுத்தது எல்லாம் வீணாப் போகும், நஷ்டத்தை யார் கொடுப்பா?" என்று கேட்கலாம். கடைசி நாள் என்றால் சம்பளத்தின் கடைசித் தவணை இன்னும் கைக்கு வந்திருக்காது. இரண்டிலும் முழு யூனிட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கும். முப்பது பேர் காத்திருக்கும்போது வாயிலிருந்து வரும் 'சரி' என்ற சொல்லை நான் சம்மதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ரஷ்ஷில் அந்தச் 'சரி'யைப் பல முறை கேட்டிருக்கிறேன். பாதிக் குரல்தான் வரும்.

அமெரிக்க நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் விதிகளில் இதற்கெல்லாம் ஓரளவு வழி இருக்கிறது. நிர்வாணக் காட்சி இருந்தால் முதல் சந்திப்புக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். என்னென்ன காட்டப்படும் என்ற தனி ஒப்பந்தத்தை நடிகர் கையில் படப்பிடிப்புக்கு 48 மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும். தளத்தில் தேவையான ஆட்கள் மட்டும். நடிகருக்குப் பதிலாக உடலை மட்டும் காட்டும் பாடி டபுள் வைப்பதற்கும் எழுத்தில் ஒப்புதல். ஆனால் அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. சம்மதித்த நடிகர் காட்சிக்கு முன் மனம் மாறலாம், ஏற்கனவே எடுத்து முடித்த பகுதிக்குக் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற முடியாது. கேமராவில் ஏறிய நொடியிலிருந்து அது தயாரிப்பாளரின் சொத்து. இத்தனை வலுவான சங்கம் இருக்கும் இடத்திலேயே நிலைமை இது. நான் பேசும் படங்களில் பெரும்பாலும் எந்தச் சங்கமும் இருக்காது. 2018-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்பிஓ தன் தொடர்களின் நெருக்கமான காட்சிகளுக்கு, நடிகரின் சம்மதத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் இன்டிமசி கோஆர்டினேட்டரைக் கொண்டுவரத் தொடங்கியதும் ஒரு நடிகை தனக்கு அப்படி ஒருவர் வேண்டும் என்று கேட்டதால்தான். சின்னப் படத்தில் அப்படிக் கேட்பதற்கே பெரிய துணிச்சல் வேண்டும்.

நடிக்க வரும் பெண்களுக்கு என் மேசையிலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன். "போல்டான கேரக்டர்", "டீசன்டா எடுப்போம்" என்ற சொற்களுக்கு எடிட்டில் எந்த அர்த்தமும் கிடையாது. ஷாட் வாரியாகக் கேளுங்கள். கேமரா எங்கே, சட்டகம் எதுவரை, மேலே என்ன உடுத்தியிருப்பேன், மானிட்டரை யார் பார்ப்பார்கள். பதில் சொல்லத் தெரியாத இயக்குநர் அந்தக் காட்சியை இன்னும் யோசிக்கவே இல்லை என்று அர்த்தம். அப்புறம் ஒப்பந்தத்தில் ஒரு வரி: இந்தக் காட்சியின் எந்தப் பகுதியும் டிரெய்லர், போஸ்டர், தம்ப்நெயில், பாட்டு வீடியோ, மற்றவர்களின் ஷோ ரீல் எதிலும் என் தனி எழுத்து ஒப்புதல் இல்லாமல் வரக்கூடாது. இந்த வரி இல்லாமல் போனதால்தான், படத்தில் மூன்று நொடி இருந்தது இணையத்தில் ஒரு நடிகையின் ஒரே அடையாளமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வரி: ஒத்திகையிலும், கிளாப்புக்கு முன்னும், 'கட்'டுக்குப் பின்னும் பதிவானது எதுவும் பயன்படுத்தப்படாது. என் அந்த இரண்டு நொடியைத் தடுத்திருக்கக்கூடிய வரி இது.

பயன்படுத்தாத ஃபுட்டேஜ் எங்கே போகிறது என்றும் யாரும் கேட்பதில்லை. தளத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், எடிட்டில் ஒன்று, தயாரிப்பாளரிடம் ஒன்று, தளத்திலேயே காட்சிகளைத் தொகுத்துப் பார்க்கும் ஸ்பாட் எடிட்டரின் லேப்டாப்பில் ஒரு பிரதி. கலர் வேலைக்குப் போகும்போது இன்னொன்று. படம் பாதியில் நின்று சம்பளம் வராமல் போனால், அந்த டிஸ்க்கைப் பணயமாக எடுத்துக்கொண்டு போகிறவர்கள்கூட உண்டு. முகத்தை மாற்றி ஒட்டும் செயலிகள் வந்துவிட்ட இந்தக் காலத்தில் ஒரு பழைய டேக் என்னவாகும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எத்தனை பிரதிகள், யாரிடம், எப்போது அழிக்கப்படும் என்று ஒரு தாளில் எழுதி வாங்க முடியும். கேட்டால் முறைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்.

உதவி இயக்குநர்களுக்கும், காஸ்ட்யூமில் இருக்கும் பிள்ளைகளுக்கும், உதவி எடிட்டர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களால் காட்சியை நிறுத்த முடியாமல் இருக்கலாம், ஒருவேளை வேலையும் போகலாம். ஆனால் கேமராவுக்குப் பின்னால், நடிகையின் கண்ணில் படும் இடத்தில், அங்கியை விரித்துப் பிடித்து நிற்க யாருடைய அனுமதியும் வேண்டாம். 'கட்' என்றதும் நீங்கள் ஓடி வருவீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் அது ரஷ்ஷில் அவர் தோளிலேயே தெரியும். 38 நொடி கழித்து ஜாக்கெட்டோடு ஓடிவந்த அந்தப் பெண் அன்றைக்கு அந்த முழுத் தளத்திலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஒரே ஆள்.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட காட்சி இருந்தால், படத்தை லாக் செய்வதற்கு முன், அதாவது தொகுப்பை இறுதி செய்வதற்கு முன், அந்த நடிகை வந்து பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும்போதே தயாரிப்பாளரிடம் சொல்லிவிடுவேன். இரண்டு படங்கள் அதனாலேயே கைவிட்டுப் போயின. ஒப்புக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

போன முறை வந்த பெண் அறைக்குள் நுழைந்ததும் கதவுக்குப் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். காட்சியை ஒரு முறை பார்த்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். "இந்த இடத்துல நான் கீழ பார்த்துட்டேன். அது கேரக்டர் இல்ல, அது நான்" என்றார். ஷாட்டின் முடிவிலிருந்து 16 ஃப்ரேமை வெட்டினேன். முக்கால் நொடிகூட வராது. மறுபடி ஓட்டிக் காட்டினேன். தலையசைத்தார். சேவ் செய்துவிட்டு, பழைய வெர்ஷனை அவர் முன்னாலேயே அழித்தேன்.