பள்ளி மானியத்துக்குக் கணக்குக் கேட்பது எப்படி?

அரசுப் பள்ளிக்கு வரும் மானியத்தைச் செலவு செய்பவர் தலைமை ஆசிரியர். அது ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கும் வேலையைச் சட்டம் பெற்றோரிடம் கொடுத்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குச் சொல்லும் வேலைகளில் ஒன்று, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிப் பயன்படுகிறது என்று கண்காணிப்பது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் குழு உண்டு. ஆனால் 2012 திருத்தத்துக்குப் பிறகு அங்கே அது ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இந்தக் குழு வேறு. "பி.டி.ஏ. பணம்" என்று சொல்லப்படுவது இந்த மானியம் இல்லை.

எவ்வளவு வரும்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை இருந்தால் ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். அதாவது 80 பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 2,500 ரூபாயாவது கழிப்பறை, பினாயில், துடைப்பம் என்று செலவாகியிருக்க வேண்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனி மானியம் இருக்கிறது. விளையாட்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000 ரூபாய்.

இந்தப் பணத்தில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநில அரசுடையது. முன்பெல்லாம் தொகை பள்ளியின் வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். 2021 ஜூலைக்குப் பிறகு அப்படி இல்லை. மாநில அளவில் ஒரே கணக்கு. பள்ளிக்கு 'இவ்வளவு வரை செலவு செய்யலாம்' என்ற வரம்பு மட்டும் கொடுக்கப்படும். நிதியாண்டு முடிந்தால் செலவாகாத வரம்பு போய்விடும். இதனால்தான் மார்ச் மாதத்தில் பள்ளிகளில் அவசர அவசரமாகப் பொருள் வாங்குகிறார்கள்.

அதனால் சந்தேகப்படுவதற்கு முன், பணம் உண்மையிலேயே வந்ததா என்று பார்த்துவிடுங்கள். 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மத்திய பங்கு நிறுத்தப்பட்டு, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிப்பட்ட ஆண்டில் கரும்பலகைக்குச் சாயம் பூசவில்லை என்று தலைமை ஆசிரியர்மேல் பாய்வது நியாயம் இல்லை. சொந்தப் பணத்தைப் போட்டுச் சமாளிக்கும் தலைமை ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

சரி, பணம் வந்திருக்கிறது, பள்ளியில் எதுவும் மாறவில்லை. முதலில் கேட்க வேண்டியது குழுவின் தீர்மானப் பதிவேடு. எதற்கு எவ்வளவு செலவு என்று கூட்டத்தில் பேசி, தீர்மானம் எழுதி, உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் எடுக்க வேண்டும். ஆண்டு வரவு செலவுக் கணக்கில் குழுத் தலைவரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்திட வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது? "ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்கம்மா" என்று வெற்றுப் பக்கத்தை நீட்டுவார்கள். போட்டுவிட்டால், பிறகு அந்தப் பக்கத்தில் என்ன எழுதினாலும் அது நீங்கள் ஒப்புக்கொண்ட தீர்மானம். விசாரணை வந்தால் முதலில் காட்டப்படுவதும் அந்தக் கையெழுத்துதான். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த ஓர் அம்மா அவசரத்தில் போட்டது என்பதெல்லாம் கோப்பில் ஏறாது.

அப்புறம் ரொக்கப் பதிவேடு, பற்றுச்சீட்டுகள், இருப்புப் பதிவேடு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடையின் 41-ஆம் எண் பில் ஆகஸ்ட்டிலும் 42-ஆம் எண் பில் டிசம்பரிலும் இருந்தால், நடுவில் நான்கு மாதம் அந்தக் கடையில் வேறு வியாபாரமே நடக்கவில்லையா என்று கேட்கலாம். மின்விசிறி இரண்டு வாங்கியதாக இருப்புப் பதிவேடு சொன்னால் வகுப்பறைக்குப் போய் மேலே பார்த்தால் போதும். வெள்ளையடித்த செலவு, சில்லறைப் பழுதுபார்ப்பு போன்றவற்றில்தான் பிடிப்பது கடினம். அங்கே தேதி, கூலி வாங்கியவர் கையெழுத்து, அந்த மாதத் தீர்மானம் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பதிவேட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் அவர்களே 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும். "ஏன் முறைகேடு செய்தீர்கள்?" என்று எழுதினால் பதில் வராது, காரணம் கேட்பதற்கான சட்டம் இல்லை அது. இந்த நிதியாண்டின் தீர்மானப் பக்கங்கள், பற்றுச்சீட்டுகள், பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல் என்று கேளுங்கள். நேரில் வந்து பார்வையிடவும் உரிமை உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு அலுவலரின் சம்பளத்திலிருந்து நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. அதை அவர்கள் எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள் என்பது தனிக் கதை.

பயன்பாட்டுச் சான்றிதழ் என்றேன். அலுவலகங்களில் 'யூ.சி.' என்பார்கள். கொடுத்த பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று அலுவலர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போய், அதை வைத்துத்தான் அடுத்த தவணை வரும். பொய்யான தகவலோடு யூ.சி. கொடுத்தவர், பணத்தைத் தொடாதவராக இருந்தாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. என்னைக் கேட்டால், புகாரோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணம் இதுதான்.

புகாரில் இரண்டு விஷயங்களைக் குழப்பிவிடக் கூடாது. நூலகப் பணத்தில் வேலி போட்டால் அது விதிமீறல். பணம் பள்ளிக்குள்ளேதான் இருக்கிறது. போடாத வேலிக்குப் பில் வைத்தால் அது கையாடல். முதலாவது பெரும்பாலும் தணிக்கைத் தடை (தணிக்கையாளர் எழுப்பும் ஆட்சேபம்), விளக்கம் என்று முடியும். இரண்டாவது அப்படி முடியக் கூடாது. துறை ரீதியாக, அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி) விதிப்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து விசாரிக்கலாம். இழப்பைச் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம். பணி நீக்கம் வரை போகலாம். குற்ற வழக்கு என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(5) பிரிவு. அரசு ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு 10 ஆண்டு வரையோ ஆயுள் முழுவதுமோ சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 409-ஆம் பிரிவு. ஊழல் தடுப்புச் சட்டத்திலும் கையாடலுக்கு 4 முதல் 10 ஆண்டு சிறை உண்டு. அந்தப் புகார் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போக வேண்டும்.

மனுவை முதலில் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் கொடுங்கள். ஆட்சியரின் திங்கள்கிழமை குறைதீர் நாளிலும் கொடுக்கலாம். 14417, 1100 உதவி எண்களில் பேசினால் புகார் பதிவாகும், ஆனால் நகல்களை இணைக்க முடியாது. எங்கே கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.

சம்பந்தப்பட்டவர் ஓய்வுபெறும் வயதில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளின் 9-ஆம் விதிப்படி ஓய்வூதியத்திலிருந்தும் இழப்பைப் பிடிக்க முடியும். ஆனால் ஓய்வுபெற்ற பிறகு புதிதாகத் துறை நடவடிக்கை தொடங்க வேண்டுமென்றால், சம்பவம் நடந்து நான்கு ஆண்டு தாண்டியிருக்கக் கூடாது.