சீட்டில் ஒன்று, உள்ளே ஒன்று

"ஏனுங்க தம்பி, நேத்து வரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்துச்சு. இன்னைக்கு அமுத்துனா டவுன்லோடுன்னு கேக்குது. சரின்னு குடுத்தா எங்கியோ போயி உக்காந்துக்குதுங்க."

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் விவசாயிகள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன இணையதளம் அது. ஏலம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் விரலி இன்ன விலை, கிழங்கு இன்ன விலை என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவார். அந்தக் குரல் கோப்பை அப்படியே தளத்திலும் ஏற்றிவிடுவார்கள். எழுத்தைவிடக் குரல்தான் அவர்களுக்கு வசதி; வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம். அந்தத் தளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியது நான். மாற்றிய மறுநாள் காலையில்தான் இந்த அழைப்பு.

கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மாறியது சர்வர் அந்தக் கோப்போடு சேர்த்து அனுப்பும் ஒரு வரி மட்டுமே. பழைய சர்வர் அதை 'ஆடியோ/ஆக்' என்று சொல்லி அனுப்பியது. புதியது 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்றது. அதற்கு நம் பேச்சில் அர்த்தம், "ஏதோ கொஞ்சம் பைட்டுங்க, என்னன்னு எனக்குத் தெரியாதுங்க". தெரியாத சரக்கை உலாவி பாடவிடாது, சேமித்து வைக்கத்தான் பார்க்கும். ஓபஸ் என்று முடியும் கோப்புக்கு என்ன பெயர் சொல்வது என்ற வரி அந்தப் புதிய சர்வரின் பட்டியலில் இல்லை. ஒரே வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. அரை நாள் போனது வேறு கதை.

இந்த ஒரு வரிக்குத்தான் ஊடக வகை என்று பெயர். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். என்னிடம் வரும் "சத்தம் வரல", "படம் ஓடல" புகார்களில் கோப்பு நிஜமாகவே கெட்டுப்போனது குறைவு, அதோடு வரும் இந்தச் சீட்டு தப்பாக இருப்பதுதான் அதிகம்.

நான் வளர்ந்தது திருப்பூரில். அப்பா நிட்டிங் வைத்திருந்தார். நூல் மூட்டை வந்து இறங்கினால் முதல் வேலை சீட்டைப் படிப்பது: எத்தனையாம் நம்பர் நூல், கார்டடா கோம்டா, லாட் நம்பர் என்ன. மூட்டையும் உள்ளே நூல் சுற்றியிருக்கும் கோனும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். லாட் மாறியதைக் கவனிக்காமல் ஒரே துணியில் கலந்து ஓட்டிவிட்டால் மெஷினில் ஒன்றும் தெரியாது. சாயப் பட்டறைக்குப் போய் வந்த பிறகு பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது யாரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? கோன் முனையில் நிறம் வைப்பதும் உண்டு, ஆனால் இந்த மில்லின் பச்சை அந்த மில்லில் வேறு நூலாக இருக்கும். எல்லா மில்லும் ஒரே மாதிரிப் படிக்கிற எழுத்து சீட்டில் இருந்தால்தான் பிழைத்தோம்.

ஊடகக் கோப்பும் இப்படித்தான். அதில் மூட்டை ஒன்று, உள்ளே இருக்கும் நூல் ஒன்று. ஆக் என்பது மூட்டை. வோர்பிஸ், ஓபஸ், பிளாக், ஸ்பீக்ஸ், தியோரா எல்லாம் உள்ளே போகும் நூல். ஒலியையும் படத்தையும் சுருக்கி எழுதும் இந்த முறைகளைத்தான் கோடெக் என்கிறோம். முதல் நான்கும் ஒலிக்கு, தியோரா படத்துக்கு. ஸைஃப் அமைப்பு வளர்த்த இந்த வடிவங்களுக்கு உரிமத்தொகை கிடையாது, யார் வேண்டுமானாலும் நிரல் எழுதிக்கொள்ளலாம். ஆனால் யாரும் செய்யலாம் என்று திறந்துவிட்ட பொருளுக்குத்தான் பெயர் விஷயத்தில் கட்டுப்பாடு அதிகம் தேவைப்படுகிறது. ஒரே கம்பெனி செய்து ஒரே கம்பெனி விற்கும் பொருள் என்றால் உள்ளுக்குள் எப்படிக் கூப்பிட்டாலும் ஓடிவிடும்.

2003-இல் ஊடக வகைகளின் பொதுப் பதிவேட்டில் ஆக் மூட்டைக்கு முதலில் ஒரே பெயர்தான் பதிந்தார்கள்: 'அப்ளிகேஷன்/ஆக்'. பாட்டும் அதுதான், படமும் அதுதான். கோப்பைத் தொட்டால் பாட்டுச் செயலியைத் திறப்பதா, படச் செயலியைத் திறப்பதா என்று கணினி முழிக்கும். 2008 செப்டம்பரில் கொன்சால்வெஸ், சில்வியா ஃபைஃபர், கிறிஸ்டோபர் மான்ட்கோமெரி மூவரும் எழுதிய ஆர்எஃப்சி 5334 என்ற இணைய விதி ஆவணம் இதைப் பிரித்தது. ஒலிக்கு 'ஆடியோ/ஆக்', படத்துக்கு 'வீடியோ/ஆக்', இரண்டிலும் அடங்காத கலவைக்குப் பழைய 'அப்ளிகேஷன்/ஆக்'. கோப்புப் பெயரின் வாலும் பிரிந்தது: ஒலிக்கு ஓஜிஏ, படத்துக்கு ஓஜிவி, கலவைக்கு ஓஜிஎக்ஸ். பழைய ஓஜிஜி வாலை மட்டும் வோர்பிஸ் ஒலிக்கு விட்டுவைத்தார்கள், ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிவிட்டதே என்று. அந்தத் தாட்சண்யம் புரிகிறது. ஆனால் ஓஜிஏ என்ற வாலை இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கொண்டுவந்ததில்லை. பழக்கத்தை ஆவணம் போட்டு மாற்றுவது லேசில்லை.

அப்புறம் ஓபஸ் வந்தது, 2012-இல். வாட்ஸ்அப் குரல் பதிவு எல்லாம் இதுதான். நீங்கள் தினமும் அனுப்புவது ஆக் மூட்டைக்குள் இருக்கும் ஓபஸ் நூல். இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன். கோப்பு ஓபஸ் என்று முடிகிறது, அதனால் சர்வரில் 'ஆடியோ/ஓபஸ்' என்று எழுதினால் சரிதானே என்று தோன்றும். அப்படி ஒரு பெயர் பதிவேட்டில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது 2015-இல் நேரலை அழைப்புக்காகப் பதிந்த பெயர். அழைப்பில் மூட்டையே கிடையாது, கோனை ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பதுபோல ஒலித் துண்டுகள் நேராகப் போகும். கோப்பாகச் சேமித்தால் மூட்டை வந்துவிடுகிறது. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7845 அதற்குத் தெளிவாகச் சொல்கிறது: பெயர் 'ஆடியோ/ஆக்', பக்கத்திலேயே 'கோடெக்ஸ்=ஓபஸ்' என்று ஒரு ஒட்டு. முன்பாதி மூட்டையின் பெயர், பின்பாதி நூலின் பெயர்.

இந்த ஒட்டு எதற்கு என்று இளம் நிரலாளர்கள் கேட்கிறார்கள். உலாவியிடம் நிரல் வழியாக "இந்த வகை உனக்குப் பாட வருமா?" என்று கேட்க ஒரு வழி இருக்கிறது, கேன்பிளேடைப் என்று பெயர். அதற்கு மூன்று பதில்தான் உண்டு: 'ப்ராபப்ளி', 'மேபி', இல்லையென்றால் வெற்றுச் சொல். திட்டவட்டமாக 'ஆமாம்' என்பது கிடையவே கிடையாது. நம் பக்கம் ஒரு காரியம் கேட்டால் "பாக்கலாமுங்க" என்பார்களே, அதேதான் மேபி. கோடெக் ஒட்டு இல்லாமல் மூட்டைப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் உலாவி 'ப்ராபப்ளி' சொல்லவே கூடாது, 'மேபி'யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எச்டிஎம்எல் விதி. மூட்டையைப் பார்த்துவிட்டு நூலைப் பற்றி எப்படி வாக்குக் கொடுப்பது? ஒட்டு இருந்தால் தனக்கு வராத கோப்பை உலாவி தொடாமலே அடுத்ததற்குப் போகும். இல்லாவிட்டால் கொஞ்சம் இறக்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கும். தாளவாடி மாதிரி மலைப்பக்கம் சிக்னல் ஒரு கோடு, அரைக் கோடு என்று வைத்திருப்பவருக்கு அந்தக் கொஞ்சமே அதிகம்.

வீடியோவில் ஒட்டு இன்னும் நீளும். எச்.264 வீடியோவுக்கு 'ஏவிசி1.42ஈ01ஈ' என்று பார்த்திருப்பீர்கள், யாரோ கண்ணை மூடிக்கொண்டு தட்டச்சு செய்ததுபோல இருக்கும். 42 என்பது சுருக்கும் முறையின் வகை, இங்கே பேஸ்லைன். கடைசி 1ஈ பதினாறடிமான எண். நம் கணக்கில் 30, அதாவது லெவல் 3.0, இவ்வளவு வேகமும் அளவும் தாங்கினால் போதும் என்று பொருள். திறந்த வடிவமான ஏவி1-க்கு 'ஏவி01.0.04எம்.08' என்று எழுதுவார்கள். முதலில் வகை, அடுத்தது லெவல், கடைசி 08 என்பது நிறத்துக்கு எத்தனை பிட் என்பது. நம்பர், கார்டட், கோம்டு, லாட் எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டது.

கோபியில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவர் போன தையில் கூப்பிட்டார். எச்.265 என்ற கோடெக்கில் சுருக்கிக் கொடுத்த வீடியோ பெண் வீட்டார் ஐபோனில் ஓடவில்லை, மாப்பிள்ளை வீட்டு ஆண்ட்ராய்டில் ஓடுகிறது. சம்பந்திகளுக்குள் பேச்சு வந்துவிட்டதாம். "அண்ணா, மறுபடி ரெண்டர் போட்டா ராத்திரி பூரா ஆகுமுங்களே" என்று அவருக்குக் கவலை. கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே நான்கெழுத்துக் குறி 'எச்ஈவி1' என்று இருந்தது. ஆப்பிள் எதிர்பார்ப்பது 'எச்விசி1'. படத்தைப் பிரிக்கத் தேவையான அமைப்பு விவரம் கோப்பின் தலைப்பில் மட்டும் இருக்கிறதா, படத்தின் நடுவிலும் வரலாமா என்பதுதான் இந்த இரண்டு குறிக்கும் உள்ள வித்தியாசம். எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் தானாக முதல் குறியைப் போட்டுவிடுகிறது. படத்தைத் தொடாமல் குறியை மட்டும் மாற்றி நகலெடுக்கச் சொன்னேன், டீ ஆறுவதற்குள் முடிந்தது. எச்.265 திறந்த வடிவம் இல்லை, இந்தக் கட்டுரையில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் குறியில் இரண்டெழுத்து மாறியது சம்பந்தி சண்டை வரைக்கும் போனதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதியாத பெயர்களால் வரும் தொல்லை தனி. முன்பெல்லாம் பதிவேட்டில் இல்லாத வகைக்கு முன்னால் 'எக்ஸ்-' போட்டுக்கொள்வது வழக்கம். தற்காலிகமாகத்தான். நம் ஊரில் தற்காலிகக் கொட்டகை எத்தனை வருடம் நிற்கும் என்று தெரியுமே. பிளாக் 2001-இல் வந்தது. பலரும் 'ஆடியோ/எக்ஸ்-பிளாக்' என்றே எழுதிவந்தார்கள். 2012-இலேயே இந்த 'எக்ஸ்-' பழக்கம் வேண்டாம் என்று ஆர்எஃப்சி 6648 சொல்லிவிட்டது. இருந்தும் 'ஆடியோ/பிளாக்' முறைப்படி பதிவேறியது 2024 டிசம்பரில், ஆர்எஃப்சி 9639 வந்தபோது. எம்கேவி கோப்புகளின் மெட்ரோஸ்கா மூட்டைக்கும் அதே ஆண்டு அக்டோபரில்தான் 'எக்ஸ்-' கழன்றது. இவ்வளவு காலத்தில் எழுதப்பட்ட நிரல்களில் பாதி பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். வேவ் கோப்பின் நிலை இன்னும் மோசம்: வேவ், எக்ஸ்-வேவ், விஎன்டி.வேவ் என்று ஒரே ஆளுக்கு வீட்டுக்கு ஒரு பெயர். பதிவேற்றும் படிவத்தில் ஒரு பெயரை மட்டும் அனுமதித்தால் ஒரு கணினியிலிருந்து ஏறும், பக்கத்துக் கணினியிலிருந்து ஏறாது. அதனால் வாங்கும்போது எல்லாப் பெயரையும் ஏற்றுக்கொண்டு, கொடுக்கும்போது பதிந்த பெயரை மட்டும் சொல்லுங்கள்.

"உலாவியே திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாமே?" என்பார்கள். ஓரளவு செய்கிறது. ஆக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் ஓ, ஜி, ஜி, எஸ் என்ற எழுத்துகள். ஓபஸ் என்றால் 29-ஆவது பைட்டிலிருந்து 'ஓபஸ்ஹெட்' என்று எழுதியிருக்கும். ஆனால் இப்படி முகர்ந்து பார்க்கும் பழக்கத்தால் படம் என்று ஏற்றிய கோப்புக்குள் நிரலை ஒளித்துவைத்து ஓடவிட்ட கதைகள் நடந்திருக்கின்றன. தவிர, ஒவ்வொரு உலாவியும் ஒவ்வொரு மாதிரி முகரும். சீட்டு தப்பாக இருந்தால் ஒன்று ஒலியை ஏற்க மறுத்துவிடலாம்; இன்னொன்று கண்டுகொள்ளாமல் பாடிவிடலாம். ஒரே உலாவியில் மட்டும் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் உடுக்கையடிப் பாட்டு கேசட்டுகளை ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்தார், கணினியில் ஏற்றித் தரச் சொல்லி. நான்காவது கேசட்டின் உறையில் 'பேத்தி சீர்' என்று எழுதியிருந்தது. போட்டால் உடுக்கைச் சத்தம். "அட, இதைத்தானுங்க ஒரு வருசமாத் தேடிட்டிருந்தேன்" என்றார். மூலப் பிரதியைத் தரம் குறையாத பிளாக்கில் வைத்தேன், கேட்பதற்கு ஓபஸில் ஒரு பிரதி. இரண்டின் உள்ளேயும் பாடியவர் பெயர், ஊர், வருடம் எழுதினேன். வருடம் மட்டும் அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்னது. பேரனின் ஐபோனில் ஓபஸ் ஓடவில்லை; ஆப்பிளின் சஃபாரி 2025 வரைக்கும் ஆக் மூட்டையைத் திறக்காமலே இருந்தது, அவன் போனோ அதற்கும் பழையது. "உங்க மிஷின்ல பாடுது, எம்பேரன் போன்ல மட்டும் ஊமையாட்டங் கெடக்குதுங்களே" என்று குறைப்பட்டார். எம்பி3-யில் மூன்றாவது பிரதி ஒன்று போட்டு, பக்கத்தில் ஓபஸ் முதலில், எம்பி3 அடுத்தது என்று ஒட்டோடு வரிசையாக எழுதினேன். எந்தப் போன் எதை எடுக்க வேண்டும் என்று அதுவே பார்த்துக்கொள்கிறது.

உங்கள் தளத்தில் இதைப் பார்க்கப் பெரிய வித்தை வேண்டாம். குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒலிக் கோப்பைத் தொட்டு, கன்டென்ட்-டைப் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். கோவில் கமிட்டி, பள்ளிக்கூடம், கடை, யாருடைய தளமானாலும் இரண்டு நிமிட வேலை.

மஞ்சள் தளம் சரியான அன்று மாலை, நான் முன்பு செய்துகொடுத்த நான்கு தளங்களை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு சரி. ஒன்றில் ஒலிக்குப் பழைய 'அப்ளிகேஷன்/ஆக்' என்று நானே எழுதிவைத்திருந்தேன். யாரும் பார்ப்பதற்குள் மாற்றிவிட்டேன். நான்காவதில் எல்லாமே ஆக்டெட்-ஸ்ட்ரீம். சர்வரின் கடவுச்சொல் உரிமையாளரிடம்தான் இருக்கிறது. கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்றார்.