எல்எல்பி: பேருல கூட்டு, சட்டத்துல தனி ஆள்

ஒரு எல்எல்பி (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்ங்கிற ஒரு வகைத் தொழில் அமைப்பு) போய் சாதாரண பார்ட்னர்ஷிப் ஃபர்ம்ல பார்ட்னரா சேரலாமான்னு கேட்டா, அதுவே ஒரு பார்ட்னர்ஷிப் தானே, அது எப்படிங்க இன்னொண்ணுல சேரும்னு பலபேர் டக்குனு சொல்லிடுறாங்க. சேரலாம். குழப்பம் பூரா சொல்லுல தான் இருக்கு.

முதல்ல பார்ட்னர். பழைய பிரெஞ்சுல பங்கு பிரிச்சுக்கிறவர்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்தது, கூட்டுக்குடும்பச் சொத்து வழக்குல அடிபடுற கோபார்சனருக்கும், அதாவது அந்தச் சொத்துல பங்கு உள்ளவருக்கும், அதே வேர் தான். நம்மகிட்டயும் பங்காளிங்கிற ஒரே சொல் ரெண்டு பக்கமும் வேலை பாக்குது பாருங்க. ஆனா பிசினஸ் பார்ட்னரை இன்னைக்கு பங்காளின்னு எழுதினா சித்தப்பா பெரியப்பா பசங்களும் வரப்புத் தகராறும் தான் ஞாபகம் வரும், பங்குதாரர்னு போட்டா கம்பெனி ஷேர் வச்சிருக்கறவரோட குழம்பிடும், அதனால கூட்டாளி, கூட்டாண்மை இதான் சரின்னு படுது.

ஃபர்ம்ங்கிறது இத்தாலிய ஃபிர்மா, அதாவது கையெழுத்து. எந்தப் பேருல கையெழுத்துப் போட்டு வியாபாரம் நடக்குதோ அந்தப் பேரு. 1932 இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 4வது பிரிவும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்லுது: சேர்ந்து தொழில் பண்றவங்க தனித்தனியா கூட்டாளிகள், மொத்தமா சொன்னா ஃபர்ம். அவங்களைத் தாண்டி தனியா ஒரு ஆள் அங்க கிடையாது. அதனாலதான் ஒரு ஃபர்ம் இன்னொரு ஃபர்ம்ல கூட்டாளி ஆக முடியாதுன்னு 1956லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. தமிழ்ல நிறுவனம்னு போடுறோம், நிறுவினது, நிலையா நிக்கிறதுன்னு கேக்கும்போதே ஒரு உருவம் வந்துடுது, இந்த நுணுக்கம் அங்க காணாம போயிடுது.

இப்ப எல்எல்பி. வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைன்னு நீளமா எழுதுறாங்க, எழுதலாம், தப்பில்ல. ஆனா கூட்டாண்மைன்னு முடியுதேன்னு ஏமாறக்கூடாது. 2008 எல்எல்பி சட்டம் 3வது பிரிவுல இது கூட்டாளிங்ககிட்ட இருந்து தனியான சட்ட உரு, ஆளுங்க மாறினாலும் இது தொடரும்னு இருக்கு, 4வது பிரிவு 1932 சட்டம் இதுக்குப் பொருந்தாதுன்னே சொல்லுது. பேரு தான் கூட்டாண்மை, உடம்பு கம்பெனி மாதிரி. கம்பெனி ஒரு ஃபர்ம்ல கூட்டாளியா இருக்க முடியும்னா இதுவும் இருக்கலாம் இல்லையா.

இதுக்கு ஒரு எதிர்வாதம் உண்டு, அது சும்மா தள்ளிவிடுற வாதம் இல்ல. ஃபர்ம் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் சேர்ந்தும் தனியாவும் முழுப் பொறுப்புன்னு 1932 சட்டம் 25வது பிரிவு சொல்லுது, எல்எல்பிக்கு பொறுப்பே வரையறுக்கப்பட்டது ஆச்சே, ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்? கேரளால இதே மாதிரி காரணம் சொல்லித்தான் எல்எல்பி கூட்டாளியா இருந்த ஒரு ஃபர்மைப் பதிவு பண்ண மறுத்தாங்க, விஷயம் ஹைகோர்ட் போச்சு, 2021ல எல்எல்பி கூட்டாளி ஆகலாம்னு தீர்ப்பு வந்துச்சு.

விடை அந்த அடைமொழியிலயே இருக்கு. வரையறுக்கப்பட்டது யாரோட பொறுப்பு? எல்எல்பிக்குள்ள இருக்கற கூட்டாளிங்களோடது. எல்எல்பியோட சொந்தப் பொறுப்புக்கு வரம்பே கிடையாது, ஃபர்ம் கடன்ல மாட்டினா அதோட சொத்து முழுக்க பதில் சொல்லியாகணும், உள்ள இருக்கறவங்க வீட்டை மட்டும் சாதாரணமா தொட முடியாது. பொறுப்புங்கிறது பொறுன்னா சுமங்கிற வேர்ல இருந்து வந்தது, ஆக யார் சுமக்கறாங்கன்னு கேட்டாலே பாதி சந்தேகம் தீந்துடும்.

டீட், அதாவது ஃபர்மோட ஒப்பந்தப் பத்திரம், எழுதும்போது ஒண்ணு பாத்துக்கோங்க. கூட்டாளின்னு எல்எல்பி பேரு தான் வரணும், கையெழுத்துப் போடறவர் அதுக்காகப் போடறார்னு தெளிவா இருக்கணும், வெறுமனே அவர் பேரை மட்டும் போட்டு கையெழுத்து வாங்கினா அவரே தனிப்பட்ட கூட்டாளி ஆயிட்டாருன்னு யாராவது கிளப்பலாம், அப்ப எல்எல்பி வச்சதுக்கே அர்த்தம் இல்லாம போயிடும்.