'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' டீசல்: தன்மூச்சுப் பொறி

பழைய டீசல் கார்களின் விவரக் குறிப்புகளில் 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்ற தொடர் தவறாமல் இடம்பெறும். காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ முதலிய கருவி எதுவும் இல்லாமல், பிஸ்டன் கீழிறங்கும்போது உருளைக்குள் (சிலிண்டர்) குறையும் அழுத்தத்தை ஈடுசெய்ய வெளிக்காற்று தானே உட்புகும்படி அமைந்த பொறி என்பது இதன் பொருள். பட்டறையில் யாரும் இவ்வளவு நீட்டுவதில்லை. 'டர்போ இல்லாத வண்டி', 'சாதா டீசல்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

'ஆஸ்பிரேட்' என்பதன் மூலம் 'அஸ்பிராரே' என்னும் இலத்தீன் வினை. 'நோக்கி' என்ற முன்னொட்டும் 'மூச்சுவிடு' என்ற பொருளுடைய 'ஸ்பிராரே'யும் சேர்ந்தது அது. ஆங்கிலத்தில் இந்த வேர் பல கிளைகளாகப் பிரிந்தது: சுவாசத்தைக் குறிக்கும் சொல்லும், வடமொழியின் 'க', 'த' போன்ற எழுத்துகளின் மூச்சு கலந்த ஒலிகளைக் குறிக்கும் மொழியியல் சொல்லும், பேரவாவைக் குறிக்கும் சொல்லும் இதிலிருந்தே வந்தவை. கடைசிக் கிளையைப் பிடித்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் கையில் பொறியானது 'இயற்கையாகவே விரும்பப்பட்ட' ஒன்றாகிவிடும். சிரிப்புக்குரிய பிழைதான் என்றாலும், வேரைப் பார்க்காமல் சொல்லாக்கம் செய்தால் நேர்வது இதுவே.

'நேச்சுரலி' என்ற அடைமொழி பிற்காலத் தேவை. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஷி புகைப்போக்கின் ஆற்றலால் சுழலும் காற்றழுத்திக்கு, அதாவது டர்போவுக்கு, 1905-இல் காப்புரிமை பெற்றார் என்றாலும், டீசல் கார்களுக்கு அது வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1936-இல் வெளிவந்த மெர்சிடிஸ் 260டி முதற்கொண்டு டீசல் கார்கள் தாமே மூச்சிழுப்பவையாகத்தான் இருந்தன. எல்லாம் ஒரே வகையாக இருக்கையில் வகைப்பெயர் எதற்கு? 1978-இல் அதே நிறுவனம் 300எஸ்டி என்ற காரில் டர்போவைப் பொருத்தி விற்ற பிறகே அந்த அடைமொழிக்கு வேலை வந்தது.

ஜெர்மானியர் இதை 'உறிஞ்சு பொறி' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். பிஸ்டன் கீழிறங்கிக் காற்றை ஏற்கும் கட்டத்துக்கு நம் தொழிற்கல்வி நூல்கள் தரும் 'உறிஞ்சு வீச்சு' என்ற பெயரும் இந்தப் பார்வையைச் சேர்ந்ததே. ஆனால் 'இயற்கையாக உறிஞ்சப்படும் பொறி' என்று எழுதினால், உறிஞ்சப்படுவது காற்றா பொறியா என்ற குழப்பம் வந்துவிடுகிறது. 'இயற்கை' என்பதும் இங்கே ஒட்டவில்லை. வார்ப்பிரும்பில் கடைந்து செய்த பொறியில் இயற்கை ஏது? பிறர் ஊட்டாமல் தானே இழுப்பது என்பதே கருத்தாகையால் 'தன்' என்ற முன்னொட்டே போதும். உதரவிதானம் கீழிறங்க நுரையீரல் விரிந்து காற்றை ஏற்பதும், பிஸ்டன் கீழிறங்க உருளை காற்றை ஏற்பதும் ஒரே இயக்கம் என்பதால் 'மூச்சு' என்பது வேருக்கும் பொருந்துகிறது, வேலைக்கும் பொருந்துகிறது. ஆகவே 'தன்மூச்சுப் பொறி' என்பதே என் தேர்வு. 'தன்னுயிர்ப்புப் பொறி' என்பதும் தகும். உயிர்ப்பு என்றால் பழந்தமிழில் மூச்சுதான், நெட்டுயிர்ப்பு என்ற சொல்லில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகருக்கு அது உயிரையே முதலில் நினைவூட்டும். டர்போ உடையதை 'ஊட்டுமூச்சுப் பொறி' எனலாம்.

தன்மூச்சு டீசலுக்கு நல்ல எடுத்துக்காட்டு மெர்சிடிஸ் 240டி காரில் இருந்த ஓஎம் 616 என்ற நான்கு உருளைப் பொறி. தமிழகச் சுற்றுலாப் பயணிகளுக்கு இது அந்நியமன்று. பஜாஜ் டெம்போ நிறுவனம் உரிமம் பெற்று இந்தியாவில் இதைத் தயாரித்தது, டெம்போ டிராவலரில் ஓடியதும் இந்தக் குடும்பப் பொறிதான். 2.4 லிட்டர் கொள்ளளவுக்கு 1970-களில் அது தந்த திறன் 65 குதிரைத்திறன் மட்டுமே. நம்பகத்தன்மையின் ஊற்று இந்தக் குறைவிலேயே உள்ளது. உருளைக்குள் நுழையும் காற்று வளிமண்டல அழுத்தத்தை மிஞ்சாததால், எரிக்கக்கூடிய டீசலுக்கும், அதனால் பிஸ்டன் மேலும் தாங்கிகள் (பேரிங்) மேலும் விழும் சுமைக்கும் ஓர் உச்சவரம்பு தானாகவே அமைந்துவிடுகிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலும் டர்போ அச்சும் இல்லை, அதன் வெப்பத்தில் கருகிப்போக எண்ணெயும் இல்லை. கிரேக்கத்தின் தெசலோனிகி நகர டாக்சி ஓட்டுநர் ஒருவர் 1976-ஆம் ஆண்டின் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டி, 2004-இல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அத்தனை தூரமும் ஒரே பொறி ஓடவில்லை, மாற்றி மாற்றிப் பொருத்தினார் என்பதைப் புகழ்பாடுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

மறுபக்கமும் உண்டு. ஊட்டுவார் இல்லாத பொறி உயரத்தில் இளைக்கும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. பழைய எந்திரமுறை டீசல் பம்பு அதை உணராமல் வழக்கமான அளவையே தெளித்தால், எரியாத மிச்சம் கரும்புகையாக வெளியேறும்.

பராமரிப்பும் மூச்சைச் சுற்றியே அமைகிறது. காற்று வடிகட்டி அடைத்தால் சமவெளியிலேயே அந்தக் கரும்புகையைப் பார்க்கலாம். அடுத்தது வால்வு இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் உறுப்புக்கும் இடையே விடும் சிறு வெளி. பட்டறை மொழியில் 'டேப்பட் செட்டிங்'. ஓஎம் 616 பொறியில் இது தானாகச் சரியாவதில்லை. ஓட ஓட வால்வு தன் இருக்கையில் அமிழ்வதால் இடைவெளி சுருங்கி, ஒருநாள் வால்வு முழுதாக மூடாமலே போகும். அழுத்தத்தால் மட்டுமே தீப்பற்றும் டீசலுக்கு அது காலை நேரத்து மூச்சுத்திணறல். காலையில் கிளம்பவில்லை என்றதும், குளிர்ந்த பொறியைக் கிளப்ப உள்ளே சூடேற்றும் 'ஹீட்டர் பிளக்'கை மாற்றச் சொல்வது வழக்கம். பழைய வகையில் அவை ஒரே தொடராக இணைந்திருப்பதால் ஒன்று போனாலே எல்லாம் அணைந்துவிடும் என்பது உண்மைதான். எனினும் இடைவெளியை முதலில் அளப்பதே சிக்கனம்.

பிஸ்டன் வளையங்களின் தேய்மானத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. பொறி ஓடிக்கொண்டிருக்கையில் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றி, கவிழ்த்து அதன்மேலேயே வைக்க வேண்டும். மூடி சற்றே நடுங்கினால் கவலையில்லை. தூக்கி எறியப்பட்டால் எரிவளி வளையங்களைத் தாண்டிக் கீழே கசிகிறது என்று பொருள். மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரெஷன் அடிக்கிறது' என்பது இதைத்தான்.

இரு வகையையும் குறிக்கத் தனித்தனிச் சொற்கள் வேண்டும் என்பதற்குப் பணிமனைக் கையேட்டிலேயே காரணம் இருக்கிறது. 616-இன் ஐந்து உருளை உடன்பிறப்பான ஓஎம் 617 இரு வடிவங்களிலும் வந்தது. குளிர்ந்த நிலையில், காற்று நுழையும் உள்வால்வின் இடைவெளி இரண்டுக்கும் 0.10 மில்லிமீட்டர், புகை வெளியேறும் வெளிவால்வுக்கோ தன்மூச்சு வடிவில் 0.30, வெப்பம் மிகுந்த ஊட்டுமூச்சு வடிவில் 0.35. பொறியின் எண்ணை மட்டும் குறித்துவைத்தால் இடைவெளியை அளக்க எந்த அளவைத் தகட்டை எடுப்பதென்று தெரியாது.