"நாங்க தொடவே இல்லையே டாக்டர்!"

கம்பளிப்பூச்சியின் முள் பட்டு என்னிடம் வந்தவர்களில், இந்த மார்ச்சில் இது மூன்றாவது குடும்பம். மூன்று வீட்டாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நாங்க அதைத் தொடவே இல்லையே டாக்டர்!" இரவுப் பணி முடிந்து வந்ததும் தூங்காமல் இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்த வார்த்தைதான் காரணம்.

மாட்ரிட் நகருக்கு வெளியே ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஸ்பெயினுக்குச் சுற்றுலா வரும் தமிழ்க் குடும்பங்களும் எப்போதாவது வந்து சேருவார்கள். கடைசியாக வந்தவர்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அப்பா, அம்மா, ஊரிலிருந்து வந்திருந்த பாட்டி, ஐந்து வயதுப் பையன், இரண்டரை வயதுப் பெண். வாடகைக் கார் எடுத்து, எம்-501 சாலை வழியாகக் கிசாண்டோ காளைகளைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால் வெட்டோன் பழங்குடியினர் கருங்கல்லில் செதுக்கி வைத்த நான்கு காளைகள். சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளில் போய்வர அருமையான இடம். திரும்பும் வழியில் சான் ஹுவான் நீர்த்தேக்கம் பக்கம் பைன் மர நிழலில் போர்வை விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார்கள்.

பையன் கத்தினானாம்: "ரயில் பூச்சி!"

போன விடுமுறையில் கும்பகோணத்தில் பாட்டி வீட்டுக் கொல்லையில் ரயில் பூச்சியை விரலால் தொட்டுச் சுருள வைத்து விளையாடிய பிள்ளை. இங்கே பார்த்தது அது இல்லை. ஒன்றின் வாலை இன்னொன்று முட்டிக்கொண்டு, முப்பது நாற்பது கம்பளிப்பூச்சிகள் ஒரே கோடாகத் தரையில் ஊர்ந்து போகும். ஸ்பானியர்கள் இதைப் 'புரோசெசியோனாரியா' என்பார்கள். ஊர்வலப் புழு என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் கிட்டே போகத் தோன்றும்.

அப்பா விவரமானவர். பிள்ளைகளைத் தொடவிடவில்லை. ஒரு குச்சியை எடுத்து அத்தனையையும் அடித்து, கிளறி, தூரத் தள்ளினார். காற்று பிள்ளைகள் பக்கம் வீசியது. அரை மணி நேரத்தில் பையனின் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. தங்கை கண்ணைக் கசக்க ஆரம்பித்தாள். எங்களிடம் வந்தபோது அவள் இடது கண்ணைத் திறக்கவே இல்லை.

தயவுசெய்து இதை மட்டுமாவது மனதில் வையுங்கள். ஊர்வலப் புழு தீங்கு செய்ய நீங்கள் அதைத் தொட வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிகிற நீள முடிகளைப் பார்த்து, அது குத்தினால்தான் அரிக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த முடிகளால் பெரிய கெடுதல் இல்லை. கெடுதல் செய்வது கண்ணுக்கே தெரியாத வேறொரு வகை முள். அதன் நீளம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புழுவின் முதுகில் திட்டுத் திட்டாக லட்சக்கணக்கில் அடுக்கியிருக்கும். புழு மிரண்டால் அந்தத் திட்டுகள் திறந்து முட்கள் காற்றில் கலக்கும். அடித்தாலும், மிதித்தாலும், கிளறினாலும் அதேதான். குச்சியால் தள்ளிய அப்பா, பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மிளகாய்ப் பொடியைத் தூவியதைப் போன்ற வேலையைச் செய்துவிட்டார். அவரைத் திட்ட மனம் வரவில்லை. முகம் அப்படி வெளிறிப்போயிருந்தது. இதைப் படிக்கிற உங்களை முன்கூட்டியே திட்டுகிறேன்: குச்சியைத் தொடாதீர்கள். நெருப்பும் வைக்காதீர்கள், சூட்டோடு முட்கள் இன்னும் மேலே பறக்கும்.

"ஊரில் முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி படாததா?" என்றார் பாட்டி. பட்டிருக்கும், நாமும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு போயிருப்போம். ஆனால் இந்த முள்ளில் கொக்கி போன்ற செதில்கள் உண்டு, கூடவே ஒரு புரதமும் இருக்கிறது. தோலில் பதிந்து அரிப்பைக் கிளப்பும். கண்ணின் கருவிழியில் ஏறினால் கசக்கக் கசக்க உள்ளேதான் போகும். சிலருக்கு அந்தப் புரதம் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி மூச்சையே அடைக்கும். பையனின் கழுத்தில் பாட்டி விபூதி வைத்துத் தேய்த்திருக்கிறார். தேய்த்த இடமெல்லாம் முள் ஆழமாக இறங்கியிருந்தது.

இனிப் போகப்போகிறவர்களுக்கு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் புழுக்கள் மரத்திலிருந்து இறங்கி மண்ணில் புதையப் போகும் காலம். குளிர் குறைந்த ஆண்டுகளில் ஜனவரியிலேயே தொடங்கிவிடும். மலை உயரங்களில் தாமதமாகும். காரை நிறுத்தியதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். பைன் கிளை நுனிகளில், வெயில் படும் பக்கமாக, வெள்ளைப் பஞ்சுமிட்டாய் போலக் கூடு தொங்கினால் அங்கே உட்காராதீர்கள். புழு ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும்தான். பழைய கூட்டிலும் மண்ணிலும் முள் மாதக்கணக்கில் கிடக்கும். விழுந்து கிடக்கிற கூட்டைப் பையன்கள் பந்தாக உதைப்பார்கள், கவனம். மரத்தண்டைச் சுற்றி வளையமும் அதில் தொங்கும் பையும் கண்டால், அது புழு பிடிக்க ஊராட்சி கட்டியது. பிள்ளை அதைத் திறந்து பார்க்க விடாதீர்கள். (எனக்குப் பிடித்தது வேறொரு வழி: பெட்டிக் கூடு வைத்து, புழுவைத் தின்னும் பட்டாணிக்குருவி இனப் பறவைகளை வரவழைப்பது. கொண்டலாத்தி மண்ணுக்குள் இருக்கிற கூட்டுப்புழுவையே கிண்டித் தின்னும்.)

நிழல்தானே வேண்டும்? ஸ்பானிய நாட்டுப்புறத்தில் என்சினா என்கிற ஓக் மரங்களுக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் புழு தின்பது பைன், தேவதாரு ஊசி இலைகளை. நூறு மீட்டர் தள்ளிப் போய் என்சினா அடியில் போர்வையை விரியுங்கள்.

135 சென்டிமீட்டருக்குக் குறைவான பிள்ளைக்குப் பின் சீட்டில் குழந்தை இருக்கை கட்டாயம், தண்ணீர், தொப்பி; இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் சொல்லத் தேவையில்லை.

பட்டுவிட்டதா? தேய்க்காதீர்கள், சொறியவும் விடாதீர்கள். சட்டையைத் தலைவழியே கழற்றினால் முகமெல்லாம் முள் ஏறும். கத்தரிக்கோலால் வெட்டி எடுங்கள். போகட்டும், சட்டைதானே. பிறகு செல்லோ டேப்பைத் தோலில் ஒட்டி ஒட்டி எடுங்கள், ஒவ்வொரு முறையும் புது டேப். அப்புறம் ஓடுகிற தண்ணீரிலும் சோப்பிலும் நிறையக் கழுவுங்கள். துணியைத் தனிப் பையில் கட்டி, 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். குழந்தை இருக்கையின் உறையை எல்லோரும் மறக்கிறார்கள். மறுநாள் மறுபடியும் அரிப்பு என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

கண் என்றால் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு வாருங்கள். சொட்டு மருந்து வாங்கி விட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று ஹோட்டலுக்குப் போகாதீர்கள். அந்தக் குட்டிப் பெண்ணுக்கு எங்கள் கண் மருத்துவர் மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியில் பார்த்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு கசக்கியிருக்க மாட்டாள். மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டு வயதுப் பிள்ளைகள் எதையும் வாயில் போடுவார்கள். வாயில் போட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைக் கழுவித் துப்பச் சொல்லுங்கள். உதடோ நாக்கோ வீங்கினாலும், எச்சில் வடிந்தாலும், குரல் மாறினாலும், மூச்சு இரைந்தாலும் காரை எடுத்துக்கொண்டு நீங்களே ஓட்டக் கிளம்பாதீர்கள். உடனே அவசர உதவி எண் 112ஐ அழையுங்கள். மொழி வராது என்று தயங்க வேண்டாம்; குழந்தையின் வயது, நிற்கிற சாலை, 'புரோசெசியோனாரியா' என்ற ஒரு சொல். எதிர்முனையில் இருப்பவருக்கு அது போதும்.