வளர்வாய்ப்பிலா ஊரா, வாய்ப்பு மறுக்கப்பட்ட ஊரா?

ரஷ்யாவின் வடபுலச் சிற்றூர்கள் வெறுமையான வரலாற்றைப் படிப்போர் 'நெபெர்ஸ்பெக்டிவ்னயா தெரெவ்னியா' என்னும் சொற்றொடரைத் தவறாமல் சந்திப்பர். தேவாலயம் உள்ள ஊரை 'செலோ' என்றும், அஃது இல்லாத சிற்றூரைத் 'தெரெவ்னியா' என்றும் ரஷ்யர் பண்டு பிரித்து வழங்கினர். 'பெர்ஸ்பெக்டிவா' என்பது ஊடுருவிப் பார்த்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ரஷ்ய மொழியில் 'வருங்கால வாய்ப்பு' என்ற பொருளையும் பெற்ற சொல்; 'நெ' எதிர்மறை முன்னொட்டு.

இத்தொடருக்கு அரசாணையின் வலிமை வந்தது சோவியத் திட்டமிடலால்தான். ஆர்கான்கெல்ஸ்க், வோலக்தா உள்ளிட்ட கரிசலற்ற மண்டலத்தின் (கரிசல் மண் இல்லாத ரஷ்யப் பகுதியின்) வளர்ச்சிக்கென 1974 மார்ச்சில் வெளியான தீர்மானத்தை ஒட்டி, அங்கிருந்த ஏறத்தாழ 1,43,000 ஊர்களுள் பெரும்பாலானவற்றைக் கலைத்து, மக்களைக் கூட்டுப்பண்ணைகளின் மைய ஊர்களில் குடியேற்றத் திட்டமிட்டனர். கலைக்க வேண்டிய 'நெபெர்ஸ்பெக்டிவ்னயா' ஊர்களின் பட்டியலில் பெயர் ஏறிய ஊரில் புதுக் கட்டுமானம் நின்றது. தொடக்கப்பள்ளி, கடை, மருத்துவ உதவியாளர் நிலையம் என ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மைய ஊரில் தரப்பட்ட அடுக்குமாடி வீட்டிலோ மாட்டுக்குத் தொழுவம் இல்லை, உருளைக்கிழங்குப் பாத்தி வாசலையொட்டி இல்லை. பசுவை விற்றுத்தான் அங்கே குடிபோக வேண்டுமெனில், நகரத்துக்கே போய்விடலாம் என்று பலர் முடிவெடுத்ததில் வியப்பென்ன? 1932 முதல் கூட்டுப்பண்ணை உழவர்க்கு மறுக்கப்பட்டுவந்த உள்நாட்டுக் கடவுச்சீட்டை (நாட்டுக்குள்ளேயே ஊர் மாறிக் குடியேறத் தேவையான அடையாள ஆவணத்தை) அவர்களுக்கும் வழங்க அதே 1974-இல் முடிவாகி, 1976 முதல் அது கைக்கு வரத் தொடங்கியதும் நகரங்களை நோக்கிய பெயர்ச்சியை எளிதாக்கிற்று.

1980 அளவில் அக்கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் போனவர்கள் திரும்பவில்லை. 2010 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் 19,000-க்கும் மேற்பட்ட ஊர்களில் ஒருவர்கூட வசிக்கவில்லை. கொள்கை ஒன்றே காரணமன்று, போரும் பிறப்பு வீழ்ச்சியும் முன்பே ஊர்களை மெலிவித்திருந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தமிழில் 'நெபெர்ஸ்பெக்டிவ்னயா தெரெவ்னியா' என்னும் சொற்றொடரைப் 'பாழூர்' என்று பெயர்ப்பது பொருந்தாது. பாழூர் என்பது அழிந்து முடிந்த ஊர். தெரெவ்னியாவுக்கு அந்த ரஷ்ய அடைமொழி சூட்டப்பட்டபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. 'வளர்வாய்ப்பிலாச் சிற்றூர்' என்பதே சொல்லுக்குச் சொல் நேரான ஆக்கம். எனினும் அது குறையை ஊரின் இயல்பாகவே ஆக்கிவிடுகிறது. ஆகவே, அரசு ஆவணத்தை மொழிபெயர்க்கும் இடத்தில் அதனையும், வரலாற்றை நம் சொற்களில் எழுதும் இடத்தில் 'வாய்ப்பு மறுக்கப்பட்ட சிற்றூர்' என்பதையும் ஆள்வதே பொருத்தம்.